முதியோரின் நடையும் மூச்சும்



விடியுமுன் பெரட்டுக்குப் போய், தோளில் காண்டா வாளியோடு, மேடும் பள்ளமுமான நிரைகளில் பால் சிந்தாமல் நடந்த கால்கள் அவை. அந்தக் கால்களுக்குரிய தாத்தாவோ பாட்டியோ இன்று குளியலறைப் படியில் தடுமாறினால் நாம் என்ன செய்கிறோம்? "பேசாம உட்காருங்க தாத்தா" என்கிறோம். அன்பினால் சொல்வதுதான். ஆனால், உட்கார உட்காரத் தொடைத் தசை மெலிகிறது. அடுத்த தடுமாற்றம் விழுவதில் முடியலாம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டால், பலர் பழையபடி நடமாடுவதே இல்லை.

கண், உட்காது, பாதத்தின் உணர்வு, தசைகள் ஆகியவை சேர்ந்தே நம்மை நிமிர்த்தி வைக்கின்றன. இனிப்புநீர் முற்றியவருக்குப் பாதம் மரத்து, தரையே சரியாகத் தெரியாமல் போகும். மூச்சுக்கும் இதில் பங்குண்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்னும் தசைதான் மூச்சை இழுக்கிறது. முதுகுத்தண்டுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பதிலும் அது உதவுகிறது. மூச்சு வாங்கும்போது இந்த இரண்டாவது வேலை குறைந்துபோகிறது.

கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பெரியவர் அமர்ந்து, வயிற்றில் கை வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கட்டும். வயிறு கையைத் தள்ள வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து, மெல்ல வெளியே விடட்டும். ஐந்தாறு முறை போதும். வேகவேகமாகச் செய்தால் தலை சுற்றும். பலர் தம் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். அதுவும் தலைசுற்றலைக் கொண்டுவரும். மூச்சை விட்டபடியே எழ வேண்டும். எழுந்ததும் நாற்காலியைப் பிடித்துப் பத்து எண்ணிய பிறகே அடி எடுத்து வைக்க வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஒற்றைக் காலில் சற்று நிற்கலாம். பக்கத்தில் ஒருவர் இருப்பது அவசியம்.

மூச்சுப் பயிற்சி மட்டுமே விழாமல் காத்துவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். கால்களுக்கு வேலை வேண்டும். பட்டணத்துத் திடல்களில் சீனப் பெரியவர்கள் காலையில் தாய்ச்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சீராக மூச்சுவிட்டு, உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் பயிற்சி அது. முதியோர் விழுவதை அது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம்மவர்கள் கூச்சப்படாமல் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

விழுந்ததைப் பெரியவர்கள் மறைப்பதுண்டு. பிள்ளைகள் ஏசுவார்களே என்ற பயம். ஏசாமல் கேளுங்கள். இரத்தக் கொதிப்பு மருந்தும் தூக்க மாத்திரையும்கூடத் தள்ளாட்டம் தரலாம். தாமாக நிறுத்திவிடாமல், கிளினிக்குக்குப் போகும்போது மருந்துப் பை முழுவதையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.