வானம் மாறுகிறது, வட்டி ஏறுகிறது

  

வானிலையைப் பற்றி அரசியல் மேடையில் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வானம் இடிந்தால் முதலில் விழுவது குடிசையின் கூரை, ஆகவேதான் பேசுகிறேன்.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டது, சென்னை மிதந்தது. 2019 ஜூலையில் அதே சென்னைக்குக் குடிநீர் ஏந்தி ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டி வந்தது. இடையிலே நான்கு ஆண்டுகள்கூட இல்லை! அன்று தண்ணீரால் அழுதோம். பின்னர் தண்ணீருக்காக அழுதோம்.

வெள்ளம் வடிந்தால் துன்பமும் வடிந்துவிடுகிறதா? சாக்கடை கலந்த குடிநீர் வயிற்றுப்போக்கைத் தருகிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலே நடந்தவனின் காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் உள்ளே புகுந்துவிடும். சரி, வறட்சி வந்தால் நோய் ஓடிவிடுமோ? குழாய் வறண்ட தெருவிலே குடத்திலும் தொட்டியிலும் நீரைச் சேர்த்து வைக்கிறாள் தாய். மூடியில்லாத அந்த நல்ல நீரிலேதான் டெங்குக் கொசு பெருகுகிறது. பெய்தாலும் காய்ச்சல், பொய்த்தாலும் காய்ச்சல்!

காய்ச்சல் மாளிகைக்கும் வரும், மறுக்கவில்லை. அங்கே அது ஒரு வார ஓய்வு. குடிசையிலே அது ஒரு வாரப் பட்டினி. படுத்தவனுக்கும் கூலி இல்லை. பக்கத்திலிருந்து பார்ப்பவளுக்கும் கூலி இல்லை. அரசு மருத்துவமனையிலே மருந்து இலவசம், அடுப்பெரிவது இலவசமா? காதிலே இருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. கம்மல் போனபின் கந்துவட்டிக்காரன் வருகிறான். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் என்றால், பத்தே திங்களில் வட்டி முதலுக்குச் சமமாகும். முதலோ அசையாமல் நிற்கும்! அவனைத் தடுக்க 2003-இல் சட்டம் பிறந்தது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அவன் வாசலிலே இருக்கிறான்.

2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையைப் பேரிடரென அறிவித்தது. அதற்குப் பலியானவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறோம். ஆனால், மாண்டவனுக்கு ஈடு உண்டு, வேலையிழந்து வாடுபவனுக்கு?

விதி என்பார்கள். வானம் பெய்வதும் பொய்ப்பதும் நம் கையில் இல்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாயிலே நீர் வருவதும், கூட்டுறவுச் சங்கத்திலே குறைந்த வட்டிக்குக் கடன் கிடைப்பதும், நோயால் இழந்த கூலிக்கு ஈடு கிடைப்பதும் ஆட்சியின் கையிலே இருக்கின்றன. அவற்றைக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!

அதுவரை காத்திருக்க வேண்டாம். மழை விட்ட மறுநாளே தெருவில் இறங்குங்கள். தொட்டிகளை மூடச் சொல்லுங்கள். காய்ச்சல் கண்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கந்துவட்டிக்காரனின் காலடி படுமுன், தோழனின் காலடி அந்த வாசலிலே பட வேண்டும்.