முதல் கூட்டத்துக்கு வழி



1935 மே மாதம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், மேஃப்ளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒருவர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். நியூயார்க்கிலிருந்து வந்த பங்குத் தரகர் அவர். வந்த காரியம் தோற்றுவிட்டது, கையிலும் காசில்லை. ஒரு பக்கம் மதுக்கூடம். இன்னொரு பக்கம் தொலைபேசியும், அந்த ஊர் தேவாலயங்களின் பட்டியலும்.

பில் வில்சன் என்ற அந்த மனிதர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் மற்ற குடிகாரர்களைத் தேடிப்போய்ப் பேசியிருக்கிறார். ஒருவர்கூட நிறுத்தவில்லை. ஆனால், பேசப் போன அவர் குடிக்கவில்லை! அன்று அவருக்குத் தேவைப்பட்டது புத்திமதி சொல்பவர் அல்ல, தன்னைப் போலவே குடியில் சிக்கிய ஒரு மனிதர். தொலைபேசியை எடுத்தார். பாதிரியார் ஒருவரைப் பிடித்து, அவர் வழியாக ஒவ்வொருவராக விசாரித்து, ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மையாரை எட்டினார். மறுநாள் அந்த அம்மையார் வீட்டில், தன்னைப் போலவே குடியில் சிக்கியிருந்த பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார்.

கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கப்போவதில்லை என்று சொல்லித்தான் மருத்துவர் வந்தார். பேச்சோ இரவு வெகுநேரம் வரை நீண்டது. குடியின் கேட்டைப் பற்றி ஒரு மருத்துவருக்கு யார் பாடம் நடத்த முடியும்? பில் வில்சன் பாடம் நடத்தவில்லை. தான் குடித்ததையும், ஒளித்ததையும், மனைவியிடம் பொய் சொன்னதையும் சொன்னார். மருத்துவர் அதில் தன் கதையையே கேட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. சில வாரங்களில் மருத்துவ மாநாடு ஒன்றுக்காக அட்லாண்டிக் சிட்டி போன பாப் ஸ்மித் மறுபடி குடித்தார். திரும்பி வந்தவரை பில் வில்சன் கைவிடவில்லை. மருத்துவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் நாள் ஜூன் 10. இந்த இருவரிடமிருந்து தொடங்கிய, குடியை நிறுத்த விரும்புவோர் கூடிப் பேசும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாக அந்த நாளையே வைத்துக்கொண்டது. ‘ஒரு மாதம் கூட்டத்துக்குப் போனார், மறுபடி குடித்துவிட்டார், இனி எதற்கு?’ என்று கைகழுவும் குடும்பங்கள் இந்தத் தேதியை நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டு நிலைமை என்ன? எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசிய ஆய்வை 2019-இல் மத்திய அரசு வெளியிட்டது. அதன்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மீதி 37 பேர்? மனைவி தாலியை அடகு வைக்கிறார், அம்மா கோயிலில் கயிறு கட்டுகிறார், அக்கம்பக்கம் கதவைச் சாத்திக்கொள்கிறது. சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதனும் குடியால் கணவரை இழந்தவர். அந்தத் துயரத்தோடு முடங்காமல் 1980-இல் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு என்பதைப் பல குடும்பங்கள் அங்கேதான் முதலில் கேட்டன.

ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகத் தயங்குகிறவர்களின் முதல் பயம், பெயர் வெளியே போய்விடுமோ என்பது. ஏ.ஏ. கூட்டத்தில் முழுப்பெயர் கேட்பதில்லை. கட்டணம் கிடையாது. வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே விரும்பியதைப் போடுகிறார்கள், வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேசுவதில்லை. வாய் திறக்காமல் கேட்டுவிட்டு மட்டும் எழுந்து வரலாம். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பும் இருக்கிறது. 1951-இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ்.

ஒரு கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் வேறு கூட்டத்துக்குப் போக வேண்டும். ஓர் அறையை வைத்து எல்லாவற்றையும் எடைபோடக் கூடாது.

இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முறைப்படி ஏ.ஏ.வோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவர்கள், வேறு பெயர்பெற்ற சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் முன்னே நின்றார்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பல காலமாகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைகால் நடுக்கத்தோடு வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். அப்படிப்பட்டவரை முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். கூட்டம் மருந்துக்கு மாற்று அல்ல.

இந்த மன்றத்திடம் ஒரு கோரிக்கை. ஆக்ரனில் அந்த மனிதர் நின்ற இடத்தில் ஒரு பட்டியல் இருந்தது. நம் தெருக்களில் மதுக்கடைக்கு வழி யாருக்கும் தெரியும், கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. நம் நூலகத்திலும், ரேஷன் கடையிலும், பேருந்து நிலையத்திலும் ஒரு பலகை வையுங்கள். பக்கத்தில் நடக்கும் கூட்டத்தின் இடம், கிழமை, நேரம், மொழி, அதோடு போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். எழுதும் செலவை மன்றமே ஏற்கட்டும். முதல் நாள் தனியே வரக் கூசும் ஒருவரோடு வாசல்வரை நடந்து போக, தெருவுக்கு இரண்டு பேராவது இன்றே பெயர் கொடுங்கள்.