பயோவா, மற்ஸா?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கு தருகிறோம்.)



"விஞ்ஞான ஆராய்ச்சியும் எங்கள் பிள்ளைகளும்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. எனக்கு அடுத்ததாகச் சின்னப் பிள்ளைகளின் நடனம் இருக்கிறது. சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைக் கனநேரம் காக்க வைக்கமாட்டேன், பயப்பிடாதேங்கோ.

போன வருசம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ரெலிபோன் அடித்தது. அந்த நேரத்தில் ரெலிபோன் அடித்தால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு பதறும். ஊரில் யாருக்கு என்னவோ என்றுதான் முதலில் நினைப்போம். ரெக்சாஸில் இருக்கிற என் அக்கா. அழுதுகொண்டு சொன்னா: "தம்பி, பிள்ளை டொக்டருக்குப் படிக்கிறதை விட்டுப்போட்டுக் கல்லுப் படிக்கப் போறாளாம். நீதான் ஒருக்கால் கதைச்சுப் பார்க்கவேணும்."

கல்லுப் படிப்பு என்று அக்கா சொன்னது புவிச்சரிதவியலை. பாறை, மண், நிலத்தடி நீர் இவற்றை ஆராயும் துறை. நான் சிரிக்கவில்லை. அகதியாக வந்து, பகலில் ஒரு வேலை இரவில் ஒரு வேலை என்று நின்று, அந்தப் பிள்ளையை யூனிவர்சிட்டி மட்டும் கொண்டுவந்தவ என் அக்கா. அவவின் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எங்கட ஊரில் ஓ லெவல் முடிந்தவுடன் பிள்ளைக்கு நடுவாலே ஒரு வேலி போடுவோம். பயோவா, மற்ஸா? பயோ என்றால் டொக்டர். மற்ஸ் என்றால் எஞ்சினியர். இரண்டுக்கும் இடையில் கதியால் நட்டு, கிடுகு கட்டி, பொட்டுக்கூட விடாமல் அடைத்துவிடுவோம். 1971ஆம் ஆண்டு தரப்படுத்தல் வந்த பிறகு இந்த வேலி இன்னும் உயர்ந்தது. கிடைக்கிற இடம் குறையக் குறைய, கிடைத்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றுதானே தாய் தகப்பன் சொல்லுவினம்? அந்தப் பயத்தையும் நாங்கள் சூட்கேசுக்குள்ளே வைத்துக் கொண்டுவந்து இந்த நியூ ஜேர்சியில் இறக்கியிருக்கிறோம்.

இனி இந்த நியூ ஜேர்சியில் நடந்த ஒரு கதையைச் சொல்லுகிறேன். செல்மன் வாக்ஸ்மன் என்று ஒருவர். 1888இல் இன்றைய உக்ரேனில் ஒரு சிறு ஊரில் பிறந்தவர், யூதர். ரஷ்யப் பேரரசிலே அன்று பல்கலைக்கழகங்களில் யூதப் பிள்ளைகளுக்கு இத்தனை வீதத்துக்கு மேல் இடமில்லை என்று கட்டுப்பாடு இருந்தது. கேட்கும்போது எங்கேயோ கேட்ட கதைமாதிரி இருக்கிறதல்லவா? 1910இல் அவர் அமெரிக்காவுக்கு வந்தார். இங்கே மெற்றச்சனில் உறவினரின் தோட்டத்தில் தங்கினார். அவருக்கும் மருத்துவம் படிக்கிற யோசனை இருந்தது. ஆனால் ஜேக்கப் லிப்மன் என்ற பேராசிரியர், அவரும் ரஷ்யாவில் இருந்து வந்த யூதர், விவசாயம் படி என்று ஆலோசனை சொன்னார். றட்கேர்ஸில் சேர்ந்து 1915இல் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவில் பேர்க்லிக்குப் போய் 1918இல் உயிர் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம். திரும்பி வந்து றட்கேர்ஸிலேயே மண்ணுக்குள் இருக்கிற கிருமிகளைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்தார். அன்றைக்கு இவரின் தாய் ரெலிபோன் எடுத்திருந்தால், "பிள்ளை மண் படிக்கிறான்" என்று அழுதிருப்பா.

ஒரு கரண்டி தோட்ட மண்ணில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. முதல் மழை விழும்போது ஒரு மண் மணம் எழும்புமே, அதில் பெரும்பங்கு அவற்றில் ஒரு இனம் உண்டாக்குகிற பொருளின் மணம். அந்தப் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர் வைத்தவர்களும் 1965இல் இதே றட்கேர்ஸ்காரர்தான். இந்த நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுத்தான் வாழுகின்றன. ஒன்று மற்றதைக் கொல்ல விடுகிற நஞ்சு, மனிதனைக் கொல்லும் கிருமியையும் கொல்லுமா? வாக்ஸ்மன் கேட்ட கேள்வி இதுதான்.

அப்போது சயரோகத்துக்கு மருந்தே இல்லை. பென்சிலின் வந்துவிட்டது, ஆனால் அது சயரோகக் கிருமியை அசைக்கவில்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, சனற்றோரியத்தில் படுக்கை, இவைதான் முக்கிய வைத்தியம். எங்கள் பாட்டன் பாட்டி காலத்தில் "கசம்" என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்லுவினம்.

வாக்ஸ்மனிடம் அல்பேர்ட் ஷாட்ஸ் என்று ஒரு மாணவர் இருந்தார். 23 வயது. கனெற்றிக்கற்றில் தோட்டம் செய்த யூதக் குடியேறிகளின் பிள்ளை. நல்ல கமக்காரனாக வரவேணும் என்றுதான் மண் படிக்க வந்தவர். மாதம் 40 டொலர் படி. அடித்தள ஆய்வுகூடம் ஒன்றில் இரவு பகலாகக் கிடந்து, 1943 ஒக்டோபர் 19இல் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். ஒன்று எருப் போட்ட தோட்ட மண்ணில் இருந்து. அதே வகை இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையில் இருந்து. அதிலிருந்து வந்ததுதான் ஸ்ரெப்ரோமைசின். மேயோ மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். றாவேயில் மேர்க் கொம்பனி உற்பத்தி செய்தது. 1948இல் பிரிட்டனில், யாருக்கு மருந்து யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து ஒப்பிட்ட அந்தப் பிரபலமான ஆய்வு இந்த மருந்தை வைத்துத்தான் வெளிவந்தது. குறையும் இருந்தது. சிலருக்குக் காதைப் பாதித்தது. தனியாகக் கொடுத்தால் சில மாதத்தில் கிருமி பழகிவிட்டது. வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் நோய் கட்டுக்குள் வந்தது.

இதிலே ஒரு கசப்பும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. புகழும் பணமும் பேராசிரியருக்கே போகிறது என்று 1950இல் ஷாட்ஸ் வழக்குப் போட்டார். அதே ஆண்டு சமரசம் ஆனது. அவரும் கண்டுபிடித்தவர்தான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது, உரிமப் பணத்தில் 3 வீதமும் கிடைத்தது. ஆனால் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. 1994இல்தான் றட்கேர்ஸ் ஷாட்ஸைக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்தது. முதல் கட்டுரையில் பெயர் இருந்த எலிசபெத் பூகி என்ற பெண்ணைப் பற்றி இன்றைக்கும் அதிகம் பேர் கதைக்கிறதில்லை. ஆராய்ச்சி என்றால் எல்லாம் புனிதம் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லமாட்டேன். வேலை செய்கிற கொப்பியில் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கோ என்றுதான் சொல்லுவேன். ஷாட்ஸைக் காப்பாற்றியதில் அவருடைய ஆய்வுக் கொப்பிக்கும் பங்கு உண்டு.

2019இல் நியூ ஜேர்சி அந்த நுண்ணுயிரைத் தன் மாநில நுண்ணுயிர் என்று சட்டமாக்கியது. மாநிலப் பறவை, மாநிலப் பூ மாதிரி மாநிலக் கிருமி! நியூ பிரன்ஸ்விக்கில் அந்த மார்ட்டின் ஹோல் கட்டடம் இருக்கிறது. பிள்ளைகளை டிஸ்னிக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாங்கள், காரில் கொஞ்ச நேரம் ஓடினால் வருகிற இந்த இடத்தைக் காட்டியிருக்கிறோமா?

இது மண் படித்தவன் மருந்து கண்ட கதை. மற்றப் பக்கமும் வேலி பாய்ந்திருக்கிறார்கள். மறே ஹில்லில் பெல் ஆய்வுகூடத்தில் டாரில் சாப்பின் என்ற எஞ்சினியருக்குக் கொடுத்த வேலை, ஈரலிப்பான வெப்ப நாடுகளில் ரெலிபோன் பற்றரிகள் பழுதாகிவிடுகின்றன, அதற்கு வேறு வழி பார் என்பது. எங்கட நாடு மாதிரி நாடுகளைத்தான் சொல்லுகிறார்கள், பாருங்கோ. அதே கட்டடத்தில் கல்வின் புல்லர் என்ற இரசாயனவியலாளரும் ஜெரால்ட் பியர்சன் என்ற பௌதிகவியலாளரும் ரான்சிஸ்டருக்காகச் சிலிக்கனோடு மினைக்கெட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்தார்கள். 1954 ஏப்ரல் 25இல் சூரிய ஒளியில் 6 வீதத்தை மின்சாரமாக்குகிற கலத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். இன்று கூரைகளில் பார்க்கிற சோலர் தகடுகளின் தாய் அதுதான்.

இனி அக்காவின் ரெக்சாஸ். அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற எஞ்சினியராக வேலை செய்த ரிம் லற்றிமர் என்ற இளைஞர் பேர்க்லிக்குப் பக்கத்து ஸ்ரான்போர்டுக்குப் படிக்கப் போனார். அங்கே ஜாக் நோர்பெக் என்ற ஆராய்ச்சியாளரைச் சந்தித்தார். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கெய்சர்ஸ் என்ற இடத்தில் 1960இல் இருந்து நிலத்தடி நீராவியால் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அப்படித் தானாக நீராவி வருகிற இடம் உலகத்தில் குறைவு. சூடான பாறை எங்கும் ஆழத்தில் இருக்கிறது. வெடிப்பும் தண்ணீரும்தான் இல்லை. எண்ணெய்க்காரர் செய்கிற மாதிரிக் கீழே போய்ப் பக்கவாட்டில் தோண்டி, பாறையை வெடிக்கப் பண்ணி, ஒரு கிணற்றால் தண்ணீரை விட்டு மற்றக் கிணற்றால் சூடாக எடுத்தால் என்ன? இதற்காக 2017இல் இருவரும் பெர்வோ என்ற கொம்பனியைத் தொடங்கினார்கள், தலைமையகம் ஹூஸ்டனில். 2023இல் நெவாடாவில் நடந்த முப்பது நாள் பரிசோதனையில் ஏறத்தாழ 3.5 மெகாவாட் மின்சாரத்துக்குப் போதிய வெப்பம் வந்தது. பெரிய மின்நிலையங்களோடு பார்த்தால் சின்னத் தொகைதான். பாறையை வெடிக்கப் பண்ணினால் சிறு நிலநடுக்கம் வரலாம் என்பதும் உண்மை, அதைக் கவனிக்கவும் புவிச்சரிதவியல் படித்தவன் வேணும். எப்படியும், எண்ணெய் எடுத்த துறப்பணத்தாலேயே எண்ணெய் வேண்டாத மின்சாரம் எடுக்கிறார்கள்.

"மாமா, இதைத்தான் நான் படிக்கப் போறன்" என்று மருமகள் என்னிடம் சொன்னபோது, சரி, நல்ல சம்பளம் வரும் என்று அக்காவைச் சமாதானம் பண்ணலாம் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. "சுன்னாகம் தெரியுமா மாமா?" என்று கேட்டாள். சுன்னாகச் சந்தையில் வாழைக்குலை வாங்கின என்னிடம் கேட்கிறாள்!

விசயம் உங்களில் கனபேருக்குத் தெரியும். சுன்னாகம் மின்நிலையத்தில் டீசல் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கிச் சுற்றாடல் கிணறுகளில் மிதந்தது. 2014, 2015 அளவில் சனம் போத்தல்களில் தண்ணீரை அள்ளிக்கொண்டு வீதிக்கு இறங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேணும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு கிணற்றுக்கு நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல் இல்லை. கிணறு இறைத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன காணும் என்று.

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. நாங்கள் குடித்தது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கின மழைத் தண்ணீர். அந்தக் கல்லு முழுக்க வெடிப்பும் குகையும். நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, கீழே உப்புத் தண்ணீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணாலேயே விளங்கலாம். மழையை வேகமாக உள்ளே விடுகிற அதே வெடிப்பு, எண்ணெயையும் விடும், தோட்டத்து உரத்தையும் விடும், மலசலகூடக் குழியையும் விடும். உரத்தில் இருந்து வருகிற நைத்திரேற்று கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலமாகும். இதற்கு டொக்டர் மட்டும் போதுமா? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லக் கல்லுப் படித்தவள் வேணும். டீசல் இல்லாமல் மின்சாரம் தர எஞ்சினியர் வேணும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் எழுதினார்கள். அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

மணி அடிக்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

நத்தார் விடுமுறைக்கு அக்கா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மருமகள் ஒரு கொப்பியோடு வந்து, "மாமா, எங்கட கிணறு எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துலா ஞாபகம் இருக்கிறது, வாளி ஞாபகம் இருக்கிறது, கிணற்றடி வாழை ஞாபகம் இருக்கிறது. ஆழம் தெரியாது. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "மாரியிலை ரெண்டு பாகம் கயிறு காணும். கோடையிலை நாலு பாகத்துக்கு மேலை வேணும். ஆவணி, புரட்டாதியிலை தண்ணி கொஞ்சம் உவர்க்கும். அம்மா அந்த நேரம் தேத்தண்ணிக்குக் கோயில் கிணத்திலைதான் அள்ளுவா."

பிள்ளை திகதி போட்டு எழுதினாள். "கோயில் கிணறு எந்தப் பக்கம், அம்மா?" என்றாள்.

"வடக்கை. உதெல்லாம் ஏன் எழுதுறாய்?" என்று கேட்டுவிட்டு, அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தா. இரண்டு பேரும் இரவு ஒரு மணி மட்டும் ஊர்க் கிணறுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.