படைவீரரும் அறுவைக் கூடத்தின் வாயிலும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வி விழாவில் மருத்துவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு காகிதத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் ஒரு மனிதர் ஏழு ஆண்டுகள் வலியோடு நடந்தார். அதைச் சொல்லவே வந்தேன்.

படைக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. சென்னைப் படையின் சாப்பர், பயனியர் பிரிவுகளில் நம் பாட்டன்மார் பாதை வெட்டினர், பாலம் கட்டினர். பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தையாரும் படையில் சுபேதாராக இருந்தவரே. அம்மக்களையே 'போர்க்குடி அல்லர்' என்று சொல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் சேர்க்காது விட்டனர். உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது. 1941இல் மகர் படைப்பிரிவு பிறந்தது.

நான் சொல்லும் பெரியவர் நம் வட்டாரத்தவர். 1987இல் அமைதிப் படையோடு இலங்கைக்குச் சென்று, தமிழ் பேசும் வீடுகளின் நடுவே துப்பாக்கியோடு காவல் நின்றவர். அங்கே கண்டதை அவர் எவரிடமும் பேசியதில்லை. திரும்பிய பின் உறக்கம் போயிற்று. ஓய்வூதியத்துக்குரிய பதினைந்து ஆண்டுகள் நிறைவதற்குள், மனநோய் என்ற குறிப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

பின்னாளில் அவருக்குக் குடலிறக்கம் கண்டது. எளிய அறுவைச் சிகிச்சைதான். ஒரு மருத்துவமனையில் முதலில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்களாம். அக்கேள்வியின் பொருள் உங்களுக்குத் தெரியும். பிறகு பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மனநிலை தேறட்டும், வாருங்கள்" என்றனர். மும்முறை சென்றார், மும்முறையும் அதே விடை. கடைசியில் ஒருநாள் இரவு குடல் சிக்கி, வேறிடத்தில் அவசரமாக அறுத்து உயிரைக் காத்தனர்.

கையில் பணமில்லாததே தடை என்று வாதிடுவோர் உண்டு. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசு மருத்துவமனைகள் உள்ளன. 1987 முதல் 1991 வரை அவற்றில் இதய நோய்க்காகச் சேர்ந்தோரை ஆராய்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். பணம் அங்கே பெரிய தடையன்று. இருந்தும் கறுப்பின வீரர்களுக்கு இதய அறுவைச் சிகிச்சை வெள்ளையரைவிடக் குறைவாகவே கிடைத்திருந்தது. மாரடைப்பு வந்த முதியோரை ஆராய்ந்து 2000இல் வெளியான மற்றோர் ஆய்வு, மனநோய் உள்ளவர்களுக்கு அடைப்பு நீக்கும் சிகிச்சை குறைவாகவே செய்யப்பட்டதைக் காட்டிற்று. எண்ணிப் பார்த்தார்கள், ஆகவே தெரிந்தது. இவ்விரண்டு முத்திரைகளும் நம் பெரியவர் ஒருவர் மீதே விழுந்தன.

நம் நாட்டில் 2003 ஏப்ரல் முதல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைபெறுகிறது. அதன் அட்டை இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்டாமல் அறுவைச் சிகிச்சை பெறலாம். ஆனால் அட்டைக்குப் பொதுவாக ஓய்வூதியம் வேண்டும். நோயால் இடையில் வெளியேறி, ஓய்வூதியமும் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவனே வெளியே நிற்கிறான்!

இளைஞர்களே, இரு செய்திகளை மனத்தில் இருத்துங்கள். தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது இது: படையில் சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையெனில், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ளவேண்டும், அன்று என்பாரே அதை மெய்ப்பிக்கவேண்டும். இவ்வழியில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைத்தால் மருத்துவ அட்டையும் கிடைக்கும். மற்றது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உடல்நோயாளிக்கு நிகராகவே மனநோயாளியையும் எல்லா மருத்துவத்திலும் நடத்தவேண்டும் என்கிறது அது. "மனநிலை தேறட்டும்" என்று வெறுமனே திருப்பி அனுப்புவோரிடம் இச்சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

பெரியவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. சென்ற ஆண்டு நம் மாலை வகுப்பில் பயின்ற பெண்ணொருத்தி அதை எடுத்து, ஒரு பக்கம் விடாமல் படித்தாள். சேர்க்கையின்போது எந்நோயும் குறிக்கப்படவில்லை. அன்றிரவே மனு எழுதினாள். விடை இன்னும் வரவில்லை. இப்பகுதியில் வேறு எவர் வீட்டுப் பெட்டியில் அத்தகைய புத்தகம் உள்ளது? கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். அவளும் இங்கேதான் அமர்ந்திருக்கிறாள்.