ஆடிப் பிறப்பும் அடுக்களையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பெருநாட்களிலே வீட்டில் விருந்தும் கூட்டமும் நடத்தும் வகை பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கு முற்றமும் சூரியனும் உண்டு. சித்திரை வருடப் பிறப்புக்கு மருத்துநீரும் கைவிசேடமும் உண்டு. ஆடிப் பிறப்போ முழுவதும் அடுக்களையிலே பிறக்கின்ற பெருநாள். ஆதலின் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878-1953) ஆடிப் பிறப்பைப் பாடிய பாட்டை நம்மவரில் அறியாதவர் அரியர். பயறு வறுப்பது முதல் பலாவிலை மடிப்பது வரை வேலைகள் அதிலே வருகின்றன. தாய் கூழை வார்க்கிறாள்; பிள்ளைகள் குடிக்கிறார்கள். வார்த்த தாய் எப்பொழுது குடித்தாள்? பாட்டு அதைச் சொல்லவில்லை. புலவர்மீது குறை கூறுகிறோமல்லோம். அது பிள்ளைகளின் வாயாற் பாடிய பாட்டு. வளர்ந்த பின்னும் நாம் அதைக் கேளாதிருந்ததுதான் குறை.

எமது வீட்டிலே நடந்ததைச் சொல்லுகிறோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் எமது உறவினர் பல திக்கிலும் சிதறினர். ஒரு வருடம் கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்கள் ஆடிப் பிறப்பன்று எமது விறாந்தை நிறைய இருந்தார்கள். கூழ், கொழுக்கட்டை, அவற்றோடு வடை, மோதகம், மத்தியானத்துக்கு ஏழு கறியோடு சோறு. அம்மா விடிய நாலு மணிக்கு அடுப்படிக்குப் போனவர். எல்லாரும் குடித்துச் சிரித்துப் படம் பிடித்து முடிந்தபின் அம்மாவைத் தேடினோம். கிடாரத்தின் அடியை அகப்பையாற் சுரண்டிக்கொண்டு நின்றார். “எனக்குப் பசியில்லை மோனை” என்றார். அந்த வார்த்தை இன்றும் எமக்குச் செரிக்கவில்லை.

ஆகவே விருந்தைத் திட்டமிடுகின்றவர் முதலிற் கேட்கவேண்டியது, எத்தனை பலகாரம் என்பதன்று. சமைப்பவர் எந்தப் பந்தியில் இருப்பார் என்பதே. அதற்கு வழி, வேலையை முதல்நாளுக்குத் தள்ளுவது. பச்சையரிசியை ஊறவைத்து இடித்து அரித்து வறுத்த மா பல நாள் இருக்கும். பயறும் அவ்வாறே. பனங்கட்டியை முதல்நாளே கரைத்து வடித்துவிடலாம். அதில் மண் இருந்தாலும் அடங்கிவிடும். தேங்காய்ப்பாலை மாத்திரம் அன்று காலையிலேதான் பிழியவேண்டும், வெயிலுக்குப் புளித்துப்போம். முதற்பாலைக் கூழ் இறக்கப்போகும் வேளையில் விடுக. விட்டபின் நெடுநேரம் கொதித்தாற் பால் திரைந்துவிடும். கூழ் ஆற ஆறத் தடிக்கும் ஆதலால், அடுப்பிலே சற்று நீர்த்திருக்கும்போதே இறக்குதல் நன்று.

தேங்காய் துருவுவது யார்? வாலிபர்களே, எங்களைப் பார்த்துத்தான் கேட்கிறோம். திருவலையில் இருப்பதற்கும் கிடாரம் கழுவுவதற்கும் ஆண்பிள்ளைக்கு விலக்கு என்று எந்தச் சாத்திரமும் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கூழும் கொழுக்கட்டையும் வயிற்றை நிறைக்கும். அவற்றின் மேல் ஏழு கறிச் சோறு எதற்கு? மாலையிலே அது மாட்டுக்குப் போவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். சலரோகம் உள்ள பெரியவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: பனங்கட்டி மருந்து என்று எண்ணி மேலும் மேலும் வாங்கிக் குடிக்கலாகாது, அதுவும் சீனியைப்போலவே இரத்தத்திற் சர்க்கரையைக் கூட்டும்.

நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிற் பிள்ளைகளுக்கு ஜூலையிலும் ஆகஸ்டிலும் விடுமுறை. ஆடிப் பிறப்பு அதற்குள் வந்துவிடும். இங்கிலாந்திலோ பெரும்பாலும் பள்ளிக்கூடம் அன்று மூடியிராது. படையலை ஆடி முதலாந் தேதி அளவாக வைத்துவிட்டு, கூட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தால் குடி முழுகிவிடாது என்பது எமது அபிப்பிராயம்.

இனி, யாரை அழைப்பது? நமது ஊரிலே பெரிய வீட்டில் ஒருவராய், இருவராய் இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகள் கடல் கடந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தூக்குச் சட்டியிற் கூழ் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறோம். கூழ் அனுப்புவது வேறு. வந்திருந்து குடிக்கச் சொல்வது வேறு. அதுவும் பந்தி வேளைக்கு வரச் சொல்லாமல், காலையிலேயே வரச் சொல்ல வேண்டும். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தும் கை இப்பொழுது அவர்களிடந்தான் உண்டு.

சென்ற வருடம் எமது வேலிக்கு அப்பால் இருக்கும் ஆச்சியை அவ்வாறு அழைத்தோம். முதலில் மாட்டேன் என்றார், பிறகு வந்தார். கனடாப் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி இலை மடிக்கப் பழக்கினார். அம்மாவை அவர் பக்கத்திலே பாயில் இருத்தி, அகப்பையை நாம் வாங்கிக்கொண்டோம். அரைவாசி நிலத்திலே ஊற்றினோம் என்பது உண்மை. ஆச்சி ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவைப் பார்த்து, “பிள்ளை, உப்புக் காணாது” என்றார். அம்மா சிரித்துக்கொண்டு இரண்டாவது இலையை நீட்டினார்.