நாய்ப் படத்தில் யாருக்குக் கொட்டடி?

குழந்தைகள் சிரிக்கிற நாய்ப் படத்தில் அரசியல் ஏது என்று கேட்கிறீர்கள். 1955-ல் டிஸ்னி கம்பெனி எடுத்த ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ கார்ட்டூனைப் பாருங்கள். லேடி, வசதியான வெள்ளைக்காரர் வீட்டு நாய். தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் கொட்டடியிலோ மெக்சிகோ நாய், ஜெர்மன் நாய், ருஷ்ய நாய்! அந்த ருஷ்ய நாய் கார்க்கியின் நாடக வசனம் பேசும், அதுவும் கேலிக்குத்தான். வஞ்சகப் பூனைகள் இரண்டும் சயாம் பூனைகள்; சாய்ந்த கண், கொச்சை இங்கிலீஷ்.

2019-ல் மறுபடி எடுத்தார்கள். சயாம் பூனைகளும் அவற்றின் பாட்டும் போய்விட்டன. வீட்டு எஜமானி கறுப்பு நடிகை கீர்ஸி கிளெமன்ஸ். கணவராக வருபவர் வெள்ளையர். வரவேற்கிறோம். ஆனால் கதை நடப்பது 1910-ஐ ஒட்டிய காலம். படம் பிடித்த ஜார்ஜியா மாகாணத்தில் அன்று அத்தகைய கலியாணம் சட்டவிரோதம். 1967-ல்தான் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்றது. படத்தில் அந்தச் சட்டத்தின் நிழல்கூட இல்லை. கழுத்துப்பட்டை இல்லாத நாய்க்கு மட்டும் கொட்டடி உண்டு.