பள்ளத்தாக்கில் தேங்கும் புகை

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு என்றதும் தெளிந்த வானும் பனி படர்ந்த சிகரங்களுமே நினைவுக்கு வரும். ஆனால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஸ்ரீநகர் செல்வோருக்குப் பல நாட்களில் எதிரேயுள்ள மலைகூடத் தென்படாது. இதனை மூடுபனி என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை, மறுபாதி புகை.

நிலத்தின் அமைப்பை முதலில் நோக்குங்கள். ஸ்ரீநகர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்மேற்கே பீர் பஞ்சால் தொடர். வடகிழக்கே இமயப் பெருந்தொடர். இடையே கிண்ணம் போன்ற சமவெளி. பகலில் தரை சூடேறினால் அதனை ஒட்டிய காற்று மேலெழும். புகையும் உடன் செல்லும். குளிர்கால இரவிலோ தரை விரைந்து குளிர்கிறது. சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று கீழிறங்கித் தேங்குகிறது. அதன்மேல் வெப்பமான காற்றடுக்கு மூடி போல் அமர்கிறது. உயரே செல்லச் செல்லக் குறைய வேண்டிய வெப்பம் இங்கே கூடுவதால், இது வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் எனப்படும். வெயில் மங்கிய நாட்களில் இம்மூடி பகலிலும் விலகுவதில்லை. பலத்த காற்றோ மழையோ வரும்வரை, ஊர் விட்ட மூச்சையே ஊர் மீண்டும் உள்ளிழுக்க வேண்டியதுதான்.

புகை எங்கிருந்து வருகிறது? ஊர்திகளுக்கும் செங்கற்சூளைகளுக்கும் பங்குண்டு. எனினும், புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன அறிவியலார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, வீடுகளில் எரியும் கரியையே தலையாய காரணமாகக் கண்டது. குளிர்காலத்தில் நுண்துகள்கள் கன மீட்டருக்கு 350 மைக்ரோகிராம் அளவை ஒட்டி உயர்ந்ததாகவும் அது கூறியது. 24 மணி நேரச் சராசரிக்கு இந்தியா 2009-இல் வகுத்த வரம்பு 60.

டிசம்பர் 21-இல் தொடங்கும் கடுங்குளிரின் 40 நாட்களைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பர். அப்போது ஏழைக்குத் துணை காங்ரி. பின்னிய கூடைக்குள் பொதிந்த மண்சட்டியில் கரித்தணல் இட்டு, அங்கிக்குள் ஏந்திக்கொள்வர். இதற்கான கரி இலையுதிர் காலத்திலேயே ஆயத்தமாகிறது. சினார் மரச் சருகுகளையும் சுள்ளிகளையும் குவித்துக் கொளுத்தி, முற்றும் எரியுமுன் நீர் தெளித்து அணைப்பர். தணல் கனலும்போது எழும் புகையினும் கரியாக்கும்போது எழும் புகையே மிகுதி.

எரிபொருள் அல்லாத பொருள்களை எரிப்பதைத் தடைசெய்ய 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் மாநில அரசுக்கு இடமளிக்கிறது. சருகு இங்கே குப்பையா, எரிபொருளா? சட்டம் இயற்றியோர் இவ்வினாவை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மின்கணப்பு நல்ல மாற்றே. ஆனால் குளிர்காலத்தில் ஆறுகளில் நீர் குறைவதால் நீர்மின் உற்பத்தி வெகுவாகத் தாழ்கிறது. தேவையோ அப்போதுதான் உச்சத்தை எட்டுகிறது. மின்சாரம் நின்ற இரவில் கைக்கு எட்டுவது காங்ரியே. சருகை உரமாக்குவது பற்றிப் பேசுவோர் உண்டு. வீட்டின் வெப்பம் சுவர் வழியும் கூரை வழியும் கசியாமல் காப்பது பற்றிப் பேசுவோர் குறைவு. கரித்தேவையைக் குறைப்பது அதுவே. கரியாக்கம் நவம்பருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், இதற்கான நிதி கோடையிலேயே ஊர்களைச் சென்றடைய வேண்டும்.